பொதுக் காணியும் மோட்டார்த் தரிப்பிடமும்: லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் வரலாற்றிலிருந்து

வாகனத் தரிப்பிடத்தில் வீடு கட்டலாமா என்பது பார்வைக்கு மிகச் சிறிய வினா. மாநகரசபையின் உபகுழுவொன்று ஒரு மாலைப்பொழுதிலே தீர்த்துவிடக்கூடிய விடயம் போலவே அது தோன்றும். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரில் இவ்வினா தேர்தல் மேடைகளிலும் நீதிமன்றங்களிலும் ஆண்டுக்கணக்காக அடிபட்டு வந்துள்ளது. அந்நகரின் கடலோரப் பகுதியாகிய வெனிஸில், வாய்க்கால்களின் அருகே, மாநகரசபைக்குச் சொந்தமான தரிப்பிடமொன்று உண்டு. பரப்பு இரண்டரை ஏக்கருக்குச் சற்று மேல். ஒருகாலத்தில் மின்சார ரயில் ஓடிய தடம் அது. ரயில் போனபின் கார்கள் வந்து தரித்தன. அவ்விடத்தில் வறியோர்க்கும் வீடற்றோர்க்குமாக 140 வீடுகள் கட்டுவதற்கு, இலாப நோக்கற்ற இரு வீடமைப்பு நிறுவனங்களை 2016இல் மாநகரசபை தெரிவு செய்தது. 2021இல் திட்டத்துக்கு அங்கீகாரமும் அளித்தது. அயலவர் வழக்குத் தொடுத்தனர். 2022ஆம் ஆண்டுத் தேர்தலிலே, அத்திட்டத்தை எதிர்த்தவர் அத்தொகுதியின் உறுப்பினராயினார். 2024 டிசம்பரில் மாநிலத்தின் கரையோர ஆணைக்குழு அனுமதி வழங்கியது. அதே மாதத்தில் மாநகரின் போக்குவரத்து ஆணைக்குழு முடியாதென்றது. எட்டாண்டு கழிந்தும் ஒரு வீடுதானும் எழவில்லை. அவ்வாண்டுக் கணக்கெடுப்பின்படி அம்மாநகரில் வீடின்றி வாழ்ந்தோர் 45,252 பேர்.

உலகின் செல்வம் மிகுந்த நகரங்களுள் ஒன்றில் நடக்கும் இச்சண்டையை நாம் ஏன் எடுத்துப் பேசுகின்றோம்? அமெரிக்கரின் விசித்திரங்களுள் இதுவும் ஒன்று எனச் சிரித்து விட்டுவிடலாம். பத்திரிகைகள் பெரும்பாலும் அவ்விதமே செய்கின்றன. நாமோ இதனை ஒரு வரலாற்று வினாவாக நோக்க விரும்புகின்றோம். ஏனெனில், இன்று தரிப்பிடத்தில் வீடு கட்டலாகாது என்று வாதிடும் அதே நகரம், முன்னொருமுறை வீடு கட்டுவதற்கென மக்களிடமிருந்து பெற்ற காணியைத் தரிப்பிடமாக்கியது. அந்த முன்கதையை அறியாதவருக்கு இன்றைய விவாதத்தின் பொருள் முழுமையாக விளங்காது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தரித்தல் என்பதற்குத் தங்குதல், நிலைத்தல் என்னும் பொருள்கள் உள. மனிதன் ஓரிடத்தில் தரித்தான் என்று எழுதிய மொழியிலேதான் நாம் இன்று பஸ்ஸுக்கும் காருக்கும் தரிப்பிடம் என்கின்றோம். வண்டி தங்குமிடம் என்பதற்கு மேல் அச்சொல்லில் நாம் எதையும் ஏற்றிக் கூற வரவில்லை. ஆனால் லொஸ் ஏஞ்சல்ஸின் வரலாற்றைப் படிக்கும்போது, தரிக்க இடம் யாருக்கு என்ற கேள்வி தானாகவே எழுகின்றது.

அளவைச் சொன்னால் வாசகர் வியப்பர். லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தில் 2010ஆம் ஆண்டளவில் ஒரு கோடியே 86 இலட்சம் வாகனத் தரிப்பிடங்கள் இருந்தன என்று 2015இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. ஒவ்வொரு காருக்கும் மூன்றுக்கு மேற்பட்ட இடங்கள்! அம்மாவட்டத்து நகரங்களின் நிலப்பரப்பில் 14 வீதம் நின்றுகொண்டிருக்கும் மோட்டார்களுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. கார் என்பது நாளின் பெரும்பகுதியை நின்ற நிலையிற் கழிக்கும் பொருள். காலையில் வேலைத்தலத்தில் ஓர் இடமும், மாலையில் கடையருகே ஓர் இடமும், இரவில் வீட்டருகே ஓர் இடமும் அதற்கு வேண்டும். ஒன்றில் அது நிற்கையில் மற்றவை வெறுமையாய்க் கிடக்கும். மனிதருக்கு இவ்வாறு மூன்று வீடு ஒதுக்கிய சட்டம் உலகில் எங்கும் இல்லை.

இது இயற்கையாக விளைந்ததன்று. 1920இல் அந்நகரம் மின்சார டிராம் வண்டிகளின் நகரமாகவே இருந்தது. வீதியோரத்தில் நிறுத்திய மோட்டார்கள் டிராம்களின் வழியை அடைத்தமையால், அவ்வாண்டு ஏப்ரலில் நகர மத்தியில் பகல் வேளையிற் கார் நிறுத்துவதை மாநகரசபை தடைசெய்தது. கடைக்காரர் தம் வியாபாரம் விழுந்துவிட்டதெனக் கூக்குரலிட்டனர். பத்திரிகைகள் கண்டித்தன. சினிமா நடிகை ஒருவர் மோட்டார் ஊர்வலத்துக்குத் தலைமை தாங்கினார். மூன்று கிழமை நிறைவதற்குள் சபை பணிந்து தடையைத் தளர்த்தியது. பலர் ஏறும் டிராமா, சிலர் ஏறும் காரா என்னும் போட்டியில் முதல் தீர்ப்பு அன்றே எழுதப்பட்டுவிட்டது எனலாம். பின்னர் 1930களில், தொடர்மாடி வீடு கட்டுவோர் வீட்டுக்கொரு கார் இடமும் அமைத்தல் வேண்டும் என்ற விதி வந்தது. தொழிற்சாலை, கடை, கோயில் எனக் கட்டடம் ஒவ்வொன்றுக்கும் அவ்விதி பரந்தது. 1963இல் நகரின் கடைசி டிராமும் நின்றது. காரில்லாமல் வாழ முடியாத நகரத்தைக் கட்டி முடித்தபின், மக்கள் காரைத்தான் விரும்புகின்றனர் என்று கூறுவது எளிது.

இனி நாம் கூற வந்த கதைக்கு வருவோம்.

நகர மத்தியிலிருந்து வடக்கே, நடந்து போகும் தூரத்தில், சாவேஸ் ரவீன் என்று வழங்கிய பள்ளத்தாக்கு ஒன்று இருந்தது. லா லோமா, பாலோ வெர்டே, பிஷப் என மூன்று குடியிருப்புக்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் அங்கு வாழ்ந்தன. பெரும்பாலானோர் மெக்சிக்க வழிவந்த தொழிலாளர். வெள்ளையரல்லாதாருக்கு விற்கலாகாது என்ற உடன்படிக்கைகள் நகரின் காணி உறுதிகள் பலவற்றில் எழுதப்பட்டிருந்த காலம் அது. வேறிடத்தில் வாங்க முடியாதவர் இம்மேட்டு நிலத்தில் வாங்கினர், தம் கையாலேயே வீடு கட்டினர், கோழியும் ஆடும் வளர்த்தனர், மரக்கறி பயிரிட்டனர். செப்பனிட்ட வீதி குறைவு. ஆனால் தேவாலயம் இருந்தது, கடை இருந்தது, ஆரம்பப் பாடசாலை இருந்தது. நகர அதிகாரிகளின் வரைபடத்தில் அது சேரி. அங்கு வாழ்ந்தோர்க்கு அது ஊர்.

1949இல் அமெரிக்கக் காங்கிரஸ் வீடமைப்புச் சட்டமொன்றை நிறைவேற்றியது. நாடு முழுவதும் 8,10,000 பொது வீடுகளைக் கட்டுவதற்கு சமஷ்டி அரசாங்கம் பணம் தரும் என்பது அதன் முக்கிய விதிகளுள் ஒன்று. லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரசபை 10,000 வீடுகளுக்கு உடன்பட்டது. அவற்றுள் மூன்றில் ஒரு பங்கு சாவேஸ் ரவீனில் அமையவிருந்தது. ரிச்சர்ட் நொய்ட்ரா, ரொபர்ட் அலெக்சாண்டர் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் வரைபடம் தயாரித்தனர்: பதின்மூன்று மாடிக் கட்டடங்கள் 24, இரண்டு மாடி வரிசை வீடுகள் நூற்றுக்கு மேல். 1950 ஜூலை 24ஆம் திகதியிட்ட கடிதம் ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றது. உங்கள் காணியும் வீடும் பொது வீடமைப்புக்காக வாங்கப்படும்; புதிய வீடுகள் எழுந்ததும் அவற்றைப் பெறுவதில் உங்களுக்கே முதலிடம் என்பது அதன் சாரம்.

முற்போக்காளர் சிலர் இவ்விடத்தை விரைந்து கடந்து சென்றுவிடுவர். நாம் அவ்வாறு செய்ய விரும்பவில்லை. பொது வீடமைப்பு நல்ல நோக்கமே. ஆனால் அந்நோக்கத்துக்காக, உயிரோடிருந்த ஓர் ஊரைச் சேரியென முத்திரையிட்டது யார்? அங்கு வாழ்ந்தோரை ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை. வீடு கொடுப்பதாகச் சொன்னவர்கள் முதலில் வீட்டைப் பறித்தனர். பலர் கிடைத்த விலையைப் பெற்றுக்கொண்டு வெளியேறினர். முதலில் விற்றவருக்கு நல்ல விலையும் கடைசியில் விற்றவருக்குக் குறைந்த விலையும் என்ற நிலை, அண்டை வீட்டாரை ஒருவரையொருவர் முந்தச் செய்தது. இது திட்டத்தின் எதிரிகள் செய்த வேலையன்று. திட்டத்தின் நண்பர்கள் செய்தது.

எதிரிகள் அப்போது வேறு வேலையில் ஈடுபட்டிருந்தனர். காணி வியாபாரிகளும் வீட்டு முதலாளிகளும் செல்வாக்கு மிக்க பத்திரிகையும் சேர்ந்து பொது வீடமைப்பைச் சோஷலிசம் என்று தூற்றினர். சோஷலிச வீடமைப்புக்கு எதிரான பிரசைகள் என்ற பெயருடனேயே ஒரு சங்கம் இயங்கியது. பெயரை ஒளிக்காத நேர்மையை மட்டும் நாம் பாராட்டலாம்! கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். செனற்றர் மக்கார்த்தியின் காலம். 1950 நவம்பரில் கலிபோர்னிய மாநில அரசியலமைப்பில் ஒரு புதிய உறுப்புரை சேர்ந்தது: வறியோர்க்குக் குறைந்த வாடகை வீடுகளை ஓர் அரச நிறுவனம் கட்டுவதாயின், அவ்வூர் வாக்காளரின் அனுமதியை முதலில் பெறுதல் வேண்டும். பணக்காரர் மாளிகை கட்டுவதற்கு அத்தகைய வாக்கெடுப்பு எதுவும் தேவைப்படவில்லை. 34ஆம் உறுப்புரை எனப்படும் இதனை 1971இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் செல்லுபடியாகும் என்றது. அதனை நீக்குவதற்கென 2024ஆம் ஆண்டுத் தேர்தலில் வாக்காளர் முன் வைக்கவிருந்த பிரேரணையை அரசியல்வாதிகளே கடைசி நேரத்தில் மீளப் பெற்றுக்கொண்டனர்.

மாநகரசபையின் பெரும்பான்மை மாறியது. 1951 டிசம்பரில் 8க்கு 7 என்ற ஒரே வாக்கினால் தான் செய்த ஒப்பந்தத்தைச் சபை கைவிடத் தீர்மானித்தது. மறு ஆண்டில் நடந்த வாக்கெடுப்பிலும் பொது வீடமைப்புத் தோற்றது. அதே ஆண்டில், சாவேஸ் ரவீன் காணிகளின் பெறுமதி பற்றிய நீதிமன்ற விசாரணையில், வீடமைப்பு அதிகாரசபையின் அலுவலர் பிராங்க் வில்கின்சன் சாட்சி கூறிக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி திடீரெனக் கேட்டார்: நீர் எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினராய் இருந்துள்ளீர்? காணியின் விலைக்கும் இவ்வினாவுக்கும் தொடர்பு யாது? வில்கின்சன் விடையளிக்க மறுத்தார். அவர் வேலை போயிற்று. திட்டத்தின் பெயர் கெட்டது. 1958இல் காங்கிரஸின் விசாரணைக் குழு முன்னும் அவர் மறுத்தார். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 1961இல் 5க்கு 4 என நீதியரசர்கள் தண்டனையை உறுதிசெய்ய, அவர் சிறை சென்றார். அவர் கம்யூனிஸ்ட் கட்சியில் உண்மையாகவே சேர்ந்திருந்தார் என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. அதனை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. கம்யூனிஸ்ட் ஒருவர் வரைந்த வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகும் என்று எவரும் நிறுவவில்லை.

1953இல், பொது வீடமைப்பை எதிர்ப்பதையே முழக்கமாகக் கொண்ட நோரிஸ் போல்சன் மேயரானார். அவர் வாஷிங்டனுடன் பேசித் திட்டத்தை இரத்துச் செய்தார். சமஷ்டி அரசாங்கம் பணம் கொடுத்து வாங்கி வெறுமையாக்கிய சாவேஸ் ரவீன் காணியை, செலவானதிலும் மிகக் குறைந்த விலையில் மாநகரசபை பெற்றுக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை: காணி பொது நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படல் வேண்டும்.

பொது நோக்கம்! இச்சொற்றொடரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். நாட்டின் மறுகரையில், நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியில், டொட்ஜர்ஸ் என்னும் பேஸ்போல் குழுவின் முதலாளியான வால்டர் ஒமலி புதிய மைதானத்துக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். 1957 ஒக்டோபரில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரசபை அவருடன் ஒப்பந்தம் செய்தது. ஒமலி தமக்குச் சொந்தமாயிருந்த ஒன்பது ஏக்கர் சிறிய மைதானத்தைச் சபைக்குத் தருவார். சபை ஏறத்தாழ 300 ஏக்கரை அவருக்குத் தரும். முந்நூறுக்கு ஒன்பது என்னும் இக்கணக்கை நமது ஐந்தாம் வகுப்பு மாணவனும் பிழை என்று சொல்லுவான். சபையிலே எட்வேர்ட் ரொய்பால் போன்ற சிலர் எதிர்த்து நின்றனர். எதிர்த்தோர் கையொப்பம் திரட்டியதால் 1958 ஜூன் 3ஆம் திகதி வாக்கெடுப்பு வந்தது. அதற்கு இரண்டு நாளின் முன் ஒப்பந்தத்தை ஆதரித்து ஐந்து மணி நேரத் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடந்தது. பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரேகன் உட்பட நடிகர் பலர் அதிற் தோன்றினர். ஒப்பந்தம் வென்றது, பெற்ற வாக்கு 52 வீதத்துக்கும் சற்றுக் குறைவு. தனியாரொருவரின் இலாபத்துக்கான விளையாட்டு மைதானம் பொது நோக்கமாகாது என்று வழக்காடியவருக்கு 1959 ஜனவரியில் மாநில உயர் நீதிமன்றம் தோல்வியையே தந்தது.

அவ்வாண்டு மே 8ஆம் திகதி, பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த சில குடும்பங்களை வெளியேற்றப் பொலிஸார் வந்தனர். தொலைக்காட்சிக் கமராக்களும் வந்தன. ஒரு பெண்ணை நால்வர் கையையும் காலையும் பற்றித் தூக்கிக்கொண்டு படியிறங்கும் படம் நாடெங்கும் பரவியது. அவர் குடும்பம் இடித்த வீட்டின் அருகே கூடாரமடித்துத் தங்கியது. சில நாளில், அக்குடும்பத்துக்கு வேறிடங்களில் வீடுகள் உண்டு என்ற செய்தியைப் பத்திரிகைகள் வெளியிட்டன, அனுதாபம் வற்றியது. வேறு வீடு இருந்தால் ஒருவர் வீட்டை இடிக்கலாம் என்ற நியாயம் அதன் முன்பும் பின்பும் செல்வந்தர் எவர்மீதும் செலுத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

பின்னர் மலை வெட்டப்பட்டது, பள்ளம் நிரப்பப்பட்டது. பாலோ வெர்டே ஆரம்பப் பாடசாலையை இடிக்கும் சிரமத்தைக்கூட அவர்கள் மேற்கொள்ளவில்லை. அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடினர். 1962 ஏப்ரல் 10ஆம் திகதி மைதானம் திறக்கப்பட்டது. 56,000 பேர் அமரலாம். அதனைச் சுற்றி 16,000 கார்கள் நிற்பதற்குத் தார் பரப்பினர். பிள்ளைகள் எழுத்துப் படித்த அப்பாடசாலை இன்றும் அத்தாரின் கீழேதான் இருக்கின்றது. ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இக்கதையில் மனத்தை விட்டு அகலாத செய்தி இதுதான். ஆட்டம் நடக்கும் நாட்கள் ஆண்டில் ஏறக்குறைய 81. மிகுதி நாட்களிற் பெரும்பாலும் அத்தரிப்பிடம் வெயிலிற் காய்ந்துகொண்டிருக்கின்றது.

பொதுக் காணியாக இருந்த அந்நிலம் இன்று யாருடையது? 2012இல் டொட்ஜர்ஸ் குழு 200 கோடி டொலருக்குக் கைமாறியபோது, மைதானத்தைச் சூழ்ந்த தரிப்பிடக் காணியில் பழைய முதலாளி தம் பங்கை விடவில்லை. புதிய முதலாளிகளோடு கூட்டு வைத்துக்கொண்டார். குழுவை விற்றாலும் காணியை விற்காத அறிவு அவருக்கு இருந்தது. அந்த அறிவு 1957இல் மாநகரசபைக்கு இருக்கவில்லை. வெளியேற்றப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு இழப்பீடு வழங்குவது பற்றி ஆராய 2024இல் மாநில சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவில் ஆளுநர் கையொப்பமிட மறுத்துவிட்டார்.

சாவேஸ் ரவீன் தனி நிகழ்ச்சியன்று. நகர மத்தியை ஒட்டிய பங்கர் ஹில் மேட்டிலே, பழைய மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டிருந்தன. முதியோரும் கூலித் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் அங்கு வாழ்ந்தனர். 1959இல் அங்கீகரிக்கப்பட்ட புனரமைப்புத் திட்டத்தின் கீழ் அவை யாவும் தரைமட்டமாயின. தரைமட்டமாகிய துண்டுகள் பல, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக வெறும் கார்த் தரிப்பிடங்களாகவே கிடந்தன. அதே மேட்டிற்றான் பின்னர் வோல்ட் டிஸ்னி இசையரங்கு எழுந்தது. அரங்குக்கு முன் தரிப்பிடமே எழுந்தது என்பது வேடிக்கை. மாவட்ட நிருவாகம் 11 கோடி டொலர் கடன்பட்டு, நிலத்தின் கீழ் ஆறு தட்டுகளில் 2,188 கார்களுக்கு இடம் அமைத்து 1996இல் திறந்தது. இசை கேட்பதற்கு 2003 வரை பொறுத்திருக்க வேண்டியதாயிற்று. கார் ஒன்றுக்கு ஏறத்தாழ 50,000 டொலர் அரச செலவு! வாகனத் தரிப்பின் பொருளாதாரத்தைத் தம் வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட பேராசிரியர் டொனால்ட் ஷூப், 2005இல் வெளியிட்ட தமது பெருநூலில் இதனை விரிவாக எடுத்துக்காட்டுகின்றார். இலவசமாகக் கார் நிறுத்துகின்றோம் என்று நினைப்பவரின் செலவை வீட்டு வாடகையிலும் கடைப் பொருளின் விலையிலும் காரில்லாதவரும் சேர்ந்தே செலுத்துகின்றனர் என்பது அவர் வாதம். ஷூப் சோஷலிசவாதியல்லர். எனினும் அவர் கண்டதை வர்க்க நோக்கில் விளக்க நமக்கு அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இப்பின்னணியில் இன்றைய வாதங்களைப் பார்ப்போம். தரிப்பிடத்தைக் காக்க வேண்டும் என்போர் எல்லோரும் வீட்டு முதலாளிகள் என்று கூறுவது நேர்மையாகாது. சிறு கடைக்காரர் அஞ்சுகின்றார். வாடகை தாங்காது நகரைவிட்டு ஐம்பது மைல் தள்ளிக் குடியேறிய சமையற்காரரும் தாதியும் காரிற்றான் வேலைக்கு வருகின்றனர். அவர்களுக்கு நல்ல பஸ் சேவை இல்லை. நடக்க முடியாத முதியோர் உளர். இவர்களின் தேவை உண்மையானது. ஆனால் அவர்கள் ஐம்பது மைல் தள்ளி வாழ நேர்ந்தது ஏன்? நகருக்குள் அவர்கள் வாடகை கொடுக்கக்கூடிய வீடு இல்லாமையினாலன்றோ? வேலைத்தலத்தின் அருகே வீடு கொடுத்தால் கார் இடமும் குறைவாகவே தேவைப்படும். நோயை மருந்துக்கு எதிராகச் சாட்சியாக நிறுத்துவது போன்றது இவ்வாதம்.

வீடா காரா என்று ஒன்றைத்தான் தெரிய வேண்டும் என்பதும் முழு உண்மையன்று. ஜெர்மனியின் மியூனிக் நகரில் டாண்டே நீச்சற் தடாகத்தின் அருகே பொதுத் தரிப்பிடமொன்று இருந்தது. நகரின் சொந்த வீடமைப்பு நிறுவனம் அதன்மேல் கொங்கிறீற்றுத் தூண்களை நிறுத்தி, மரத்தாலான முன்தயாரித்த பாகங்களைக் கொண்டு, ஓராண்டுக்குள் 100 வீடுகளை 2016இல் எழுப்பியது. கீழே கார்கள் முன்போலவே நிற்கின்றன. மேலே வறியோரும் அகதிகளும் குடியிருக்கின்றனர். காணிக்கு ஒரு சதமும் செலவில்லை, காணி நகருடையது. வெனிஸ் திட்டத்திலும் இருந்த கார் இடங்களுக்கு மாற்றீடு வகுக்கப்பட்டே இருந்தது. அது எதிர்ப்பைத் தணிக்கவில்லை. எதிர்ப்பின் வேர் காரில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? வெனிஸ் வாய்க்கால்களிற் பெரும்பாலானவற்றை 1929இல் மண்ணிட்டு நிரப்பி மோட்டார் வீதிகளாக்கினர். எஞ்சிய சிலவற்றின் கரையிலே இன்று இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியான வீடுகள். அவற்றின் அயலில் நேற்று வரை வீதியிற் படுத்தவர் வந்து குடியேறுவதா என்பதே பலர் வாயாற் கூறாத வினா.

இன்னோர் எச்சரிக்கை நம் தரப்பிலிருந்தே வருகின்றது. அதற்கே நாம் அதிக மதிப்பளிக்கின்றோம். வீடில்லாமையைச் சாட்டாகக் கொண்டு நகரின் பொதுக் காணிகளைக் கட்டட முதலாளிகளுக்கு அள்ளிக் கொடுக்கும் சூழ்ச்சி இது என்று இடதுசாரிகள் சிலர் ஐயுறுகின்றனர். ஐயத்துக்கு இடமுண்டு. நூறு வீட்டில் பத்தை வறியோர்க்கென ஒதுக்கி, மிகுதியைச் சந்தை விலைக்கு விற்று, காணியையும் தமதாக்கிக்கொள்வோர் எங்கும் உளர். ஆனால் இதிலிருந்து, காணியைத் தாராகவே விட்டுவைப்போம் என்ற முடிவு பிறக்காது. விற்பனை வேறு, குத்தகை வேறு. 1923 தொடக்கம் 1934 வரை வியன்னா நகரின் சமூக ஜனநாயக ஆட்சி அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. கட்டிய காணியையும் வீட்டையும் நகரின் சொத்தாகவே வைத்திருந்தது. 1930இல் திறக்கப்பட்ட கார்ல் மார்க்ஸ் ஹொஃப் என்னும் தொடர்மாடியில் மட்டும் 1,382 வீடுகள். 1934 பெப்ரவரியில் பாசிச அரசு அதன்மீது பீரங்கி கொண்டு சுட்டது. ஆட்சி மாறிற்று, போர் வந்து போயிற்று, வீடுகள் இன்னும் நகருடையனவாகவே உள்ளன.

லொஸ் ஏஞ்சல்ஸில் இப்போது சில அசைவுகள் தெரிகின்றன. பெரிய பொதுப்போக்குவரத்து நிலையங்களிலிருந்து அரை மைலுக்குள் எழும் கட்டடங்களுக்குக் கட்டாயக் கார் இடம் கேட்கலாகாது என்று 2022இல் மாநிலம் சட்டமியற்றியது. 1930களின் விதி அவ்வளவு தூரத்துக்கேனும் தளர்ந்தது. மாநகரின் சொந்தக் காணிகளை வீடமைப்புக்குப் பயன்படுத்துமாறு 2023 பெப்ரவரியில் மேயர் கரென் பாஸ் பணித்தார். பணிப்பு வேறு, கட்டடம் வேறு என்பதை வெனிஸ் காட்டுகின்றது.

இக்காணிகளில் வீடு எழுவதை நாம் தயக்கமின்றி ஆதரிக்கின்றோம். எந்தத் தரிப்பிடம், எத்தனை மாடி, எவ்வளவு வாடகை என்பனவற்றை அவ்வூர் மக்களும் பொறியியலாளரும் பேசித் தீர்க்கட்டும். தொலைவிலிருந்து நாம் அதற்குத் தீர்ப்புக் கூற முடியாது. ஆனால் உறுதியை எழுதும் நாளில் ஒருவர் அருகிருந்து மூன்று விடயங்களைக் கேட்டாக வேண்டும். காணி யார் பெயரில் இருக்கும்? குத்தகை எத்தனை ஆண்டு? குத்தகை முடிந்தபின் வீடு யாருடையது? சாவேஸ் ரவீன் உறுதியில் பொது நோக்கம் என்ற இரு சொற்களே எழுதப்பட்டிருந்தன. வீடு என்ற சொல் அதில் இருக்கவில்லை.